கேபி ப்ரௌனை வெறுப்பதற்கு முன்

'அட்டாக் ஆன் டைட்டன்' கதை முடியும்போது மனித குலத்தில் 80 விழுக்காடு அழிந்திருக்கிறது. அதைச் செய்தவன் எரென் யேகர். அவனுக்காக இன்றும் கண்ணீர் விடும் ரசிகர்கள் ஏராளம். சுவரின் வாயிலை உடைத்து, மனிதரைத் தின்னும் டைட்டன்களை உள்ளே விட்ட ரைனர் ப்ரௌன், கதையின் மிகச் சிறந்த பாத்திரம் என்று கொண்டாடப்படுகிறான். சாஷா ப்ரவுஸைச் சுட்டுக் கொன்ற 12 வயதுச் சிறுமி கேபி ப்ரௌனுக்கு மட்டும் அந்தத் தாராளம் கிடைக்கவில்லை. அண்மைக் கால அனிமேக்களில் இவ்வளவு பேரின் வெறுப்பைச் சம்பாதித்த குழந்தைப் பாத்திரம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த வெறுப்பில் பெரும்பகுதி கேபியின் செயல்களிலிருந்து வரவில்லை என்பதே என் வாதம். நாம் எந்தப் பக்கம் உட்கார்ந்து கதையைப் பார்க்கத் தொடங்கினோம், எவ்வளவு காலம் காத்திருந்தோம், யாருடைய சாவு நம் கண்முன் நடந்தது என்பவற்றிலிருந்து அது வருகிறது. இவற்றைத் தீர்மானிப்பது கதாசிரியர் மட்டுமல்லர். மங்காவைத் திரைக்குக் கொண்டுவருபவர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆகவே கேபியைப் பற்றிப் பேசும்போது, மங்காவிலிருந்து அனிமேவுக்குப் போன வேறு சில 'கெட்ட பெயர்'களையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஹாஜிமே இசயாமாவின் இந்த மங்கா, கோதான்ஷா நிறுவனத்தின் 'பெஸ்ஸட்ஸு ஷோனென் மேகசின்' என்ற மாத இதழில் 2009 முதல் 2021 வரை 139 அத்தியாயங்களாக வந்தது. அனிமேவின் முதல் மூன்று பருவங்களை விட் ஸ்டூடியோ தயாரித்தது. இறுதிப் பருவத்தை மாப்பா. முதல் மூன்று பருவங்களின் 59 பகுதிகளும் பெரும்பாலும் எரெனும் சாஷாவும் வாழும் பாரடிஸ் தீவின் சுவர்களுக்கு உள்ளிருந்தே உலகத்தைக் காட்டின. 60-ஆவது பகுதி 2020 டிசம்பரில் வெளியானபோது, பார்வையாளர் திடீரென்று கடலுக்கு அப்பால், மார்லி நாட்டின் போர்க்களத்தில் இறக்கிவிடப்பட்டார். தொடக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பதுங்குகுழியில் சில சிறுவர்கள். அவர்களில் ஒருத்தி கேபி.

அவளுடைய முதல் செயலைச் சற்று நின்று பார்க்கலாம். எதிரியின் கோட்டையை நெருங்க முடியாமல் மார்லிப் படை திணறுகிறது. கவச ரயில் ஒன்று வழியை மறிக்கிறது. அந்த ரயிலைத் தான் ஒருத்தியே தகர்ப்பதாகச் சொல்லிவிட்டு கேபி பதுங்குகுழியிலிருந்து ஏறி வருகிறாள். கைகள் இரண்டையும் உயர்த்தி, சரணடைய வருபவள்போல எதிரியை நோக்கி நடக்கிறாள். ஒன்றாகக் கட்டிய கையெறிகுண்டுகள் அவள் காலோடு பிணைக்கப்பட்டு மண்ணில் இழுபட்டு வருகின்றன. எதிரிப் படையினன் அவளைச் சுடத் தயங்குகிறான், குழந்தையாயிற்றே. அந்தத் தயக்கத்தை வைத்துத்தான் அவள் வெல்கிறாள். ரயில் கவிழ்கிறது. கேபி துள்ளிக் குதிக்கிறாள்.

அந்தத் துள்ளலைத்தான் பலராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் அதன் பின்னணியைக் கதை மறைக்கவில்லை. கேபி எல்டிய இனத்தவள். லிபேரியோ நகரில் வேலியிட்ட சேரியில் அவள் இனத்தார் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். கைப்பட்டை இல்லாமல் வெளியே போக முடியாது. எரெனின் தந்தை க்ரிஷா சிறுவனாக இருந்தபோது அனுமதியின்றி வெளியே போனதற்காக, அவன் தங்கை நாய்களுக்கு இரையாக்கப்பட்டது அந்த ஊரில்தான். அங்கிருந்து ஒரு குடும்பம் மீள்வதற்கு ஒரே வழி, பிள்ளையைப் 'போர்வீரன்' ஆக்குவது. டைட்டன் சக்தியைப் பெற்ற பிள்ளையின் குடும்பத்துக்கு மார்லியர்களுக்கான மதிப்பு கிடைக்கும். பிள்ளைக்கோ அந்தச் சக்தியைப் பெற்ற நாளிலிருந்து 13 ஆண்டுகள்தான் ஆயுள். கேபி தன் மச்சான் ரைனரிடமிருந்து கவச டைட்டனைப் பெறத் துடிக்கிறாள். அதாவது, அவள் போட்டி போட்டுக்கொண்டு கேட்பது இருபதுகளின் நடுவில் வரப்போகும் சாவை. அதை வீட்டார் பெருமையாக நினைக்கும்படி வளர்த்திருக்கிறார்கள். அவளோடு பயிற்சி பெறும் ஃபால்கோ அவளை முந்த நினைப்பதற்குக் காரணமே, அந்தச் சாவு அவளுக்கு வந்துவிடக்கூடாது என்பதுதான்.

பிறகு எரென் லிபேரியோவைத் தாக்குகிறான். விழா மேடைக்கு முன்னால் கேபியோடு உட்கார்ந்திருந்த அவளுடைய பயிற்சித் தோழி சோஃபியா இடிபாட்டுக்கு அடியில் நசுங்குகிறாள். அவளை மீட்கப் போன இன்னொரு தோழன் உடோ கூட்டத்தில் மிதிபடுகிறான். தினமும் கேலி பேசிக் கதவைத் திறந்துவிடும் வாயிற்காவலர்கள் இருவர் கேபியின் கண்ணெதிரே சுடப்படுகிறார்கள். சுட்டவள் சாஷா. கேபி ஒரு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். தாக்கியவர்கள் தப்பிச் செல்லும் வான்கப்பலில் தொற்றி ஏறி, உள்ளே பாய்ந்து சுடுகிறாள். குண்டு சாஷாவின் மேல் பாய்கிறது.

ஓடுவதற்குமுன் ஃபால்கோ அவளைத் தடுத்துப் பேசும் சில வினாடிகள் எனக்கு இந்தப் பருவத்திலேயே முக்கியமானவை. நம் நாடுதான் முதலில் அவர்கள் வீட்டைத் தாக்கியது, அதற்குத்தான் இது பழி என்கிறான் அவன். நீ அதைக் கண்ணால் பார்த்தாயா என்று கேபி கேட்கிறாள். இல்லை. நானும் பார்க்கவில்லை என்கிறாள் அவள். இதோ இங்கே நடப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பார்வையாளருக்கும் கேபிக்கும் நடுவே இருக்கும் மொத்தச் சிக்கலும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. நாம் பார்த்திருக்கிறோம். சுவர் இடிந்ததை, எரெனின் தாய் விழுங்கப்பட்டதை, சாஷா உருளைக்கிழங்கைத் திருடித் தின்றதை 59 பகுதிகளாகப் பார்த்திருக்கிறோம். உடோவையும் சோஃபியாவையும் சில பகுதிகள்தான் பார்த்தோம். வாயிற்காவலர்களின் பெயர்கூட நமக்கு நினைவில்லை. பத்து வயதில் தன் வீட்டை இழந்து, டைட்டன்களை ஒன்றுவிடாமல் அழிப்பேன் என்று எரென் சபதம் செய்தபோது நாம் சிலிர்த்தோம். அதே வயதையொட்டிய சிறுமி, அதே போன்ற இழப்புக்குப் பிறகு, அதே சபதத்தைச் செய்து பாதி நிறைவேற்றவும் செய்தபோது நமக்கு ஆத்திரம் வந்தது. இசயாமா இந்த ஒப்புமையை ஒளித்து வைக்கவில்லை, உரக்கவே சொல்கிறார். கேபியின் வேகம், பிடிவாதம், உரத்த குரல் எல்லாமே முதல் பருவத்து எரெனுடையவை.

இங்கே அனிமே வடிவம் செய்தது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். மங்காவில் சாஷாவின் சாவு கறுப்பு வெள்ளைக் கட்டங்களில், வாசிப்பவரின் வேகத்தில் கடந்துபோகும். அனிமேவில் 67-ஆவது பகுதியில் அது நம் கட்டுப்பாட்டில் இல்லை. இத்தனை ஆண்டுகள் கேட்டுப் பழகிய யூ கோபயாஷியின் குரல் தேய்ந்து நிற்கிறது. கேபிக்கு அயானே சகுரா குரல் கொடுத்தார். அவர் அந்தக் குரலில் கொஞ்சமும் இனிப்புத் தடவவில்லை. வெறியும் தொண்டைக் கட்டலும் கலந்த குரல் அது. நடிப்பு என்ற அளவில் மிகச் சிறந்த பணி. ஆனால் ரசிகர்களின் வெறுப்பு ஒட்டிக்கொள்ள அதுவே வசதியான இடமாகவும் ஆகிவிட்டது.

அதைவிடப் பெரிய காரணம் காத்திருப்பு. மங்காவின் 105-ஆவது அத்தியாயத்தில் சாஷா சாகிறாள். 124-ஆவது அத்தியாயத்தில்தான் கேபியின் மாற்றம் முழுமையாகிறது. மாதம் ஓர் அத்தியாயம் வாசித்தவர்களுக்கு இடையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல். அனிமே பார்த்தவர்களுக்கு அந்தத் தூரம் 67-லிருந்து 81-ஆவது பகுதிவரை. நடுவில் பருவ இடைவெளி வேறு, ஒன்பது மாதங்களுக்கு மேல். வெறுப்பு இறுகிப் போவதற்கு அது போதுமான காலம். முழுத் தொடரையும் இரண்டு வாரத்தில் பார்த்து முடிக்கும் இன்றைய இளைஞர்களிடம் பேசினால், கேபி மீதான கோபம் அவ்வளவு கடுமையாக இல்லாததைக் காண்கிறேன். பாத்திரம் அதேதான். இடைவெளிதான் இல்லை.

தழுவல் எப்படித் தீர்ப்பை மாற்றுகிறது என்பதற்கு 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' இன்னும் தெளிவான சான்று. நட்சுகி தகாயாவின் மங்கா 1998-இல் தொடங்கி 2006-இல் முடிந்தது. முதல் அனிமே 2001-லேயே வந்துவிட்டது, 26 பகுதிகள். சோமா குடும்பத்தின் தலைமையில் இருக்கும் அகிட்டோ அதில் ஒரு கொடியவனாக மட்டும் வந்து போகிறான். கதை பாதியில் இருந்ததால் அனிமேவுக்கும் வேறு வழி இல்லை. மங்கா பின்னர்தான் உண்மையைத் திறந்தது. அகிட்டோ பெண், பெற்ற தாயே அவளை ஆணாக வளர்க்கச் செய்திருக்கிறாள். தன்னைவிட்டு யாரும் போக மாட்டார்கள் என்ற நம்பிக்கையைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தரப்படவில்லை. 2019 முதல் 2021 வரை 63 பகுதிகளில் முழுக் கதையும் மறுபடி எடுக்கப்பட்டபோதுதான், அகிட்டோவுக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. முதல் அனிமேவை மட்டும் பார்த்தவர்கள் பல ஆண்டுகளாகச் சுமந்த வெறுப்பு, பாதி விசாரணையில் எழுதிய தீர்ப்பு. ஹடோரியின் கண்பார்வையைக் கெடுத்தது, ரின்னை ஜன்னலிலிருந்து தள்ளியது எல்லாம் உண்மை. மறு ஆக்கம் அவற்றை மறைக்கவும் இல்லை, அந்தக் காயங்கள் ஆறிவிட்டன என்று பாசாங்கு செய்யவும் இல்லை.

'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' கதையில் நடந்தது இன்னும் வியப்பானது. ஹிரோமு அரகாவாவின் மங்காவில், இஷ்வால் இன அழிப்பில் குடும்பத்தை இழந்த ஸ்கார், தனக்கு மருத்துவம் பார்த்த ராக்பெல் தம்பதியை வெறியில் கொன்றுவிடுகிறான். அவர்கள் மகள் வின்ரி. 2003 அனிமேவிலோ அந்தத் தம்பதியைக் கொன்றது ராய் மஸ்டாங், மேலிடத்து உத்தரவு. அதாவது, ஒரு கொலையின் பழியைத் தழுவல் ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றியது. 2009-இல் வந்த 'பிரதர்ஹுட்' மூலக்கதைக்குத் திரும்பியது. அதில் வின்ரி ஒருமுறை ஸ்காரை நோக்கித் துப்பாக்கியைத் தூக்குகிறாள், சுட முடியவில்லை. பின்னொரு நாள், அவனை மன்னிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அவன் காயத்துக்குக் கட்டுப் போடுகிறாள். கேபியின் கதைக்கு மிக நெருங்கிய உறவு இந்தக் கதைதான்.

ஆனால் ஸ்காருக்கு ரசிகர்கள் உண்டு. 'வின்லாண்ட் சாகா'வின் அஸ்கெலாடுக்கு அதைவிட அதிகம். அவன் தோர்ஃபினின் தந்தையைக் கொன்றவன். பனிக்காலத்தில் உணவுக்காக ஓர் ஆங்கிலக் கிராமத்தையே கொன்று தீர்க்கச் சொன்னவன். அவன் சாகும்போது அழாதவர் குறைவு. நான் இந்தப் பாத்திரங்களைக் குறை சொல்லவில்லை. மகோட்டோ யுகிமுரா படைத்த அஸ்கெலாட் மிகப் பெரிய பாத்திரம். ஆனாலும் ஒரு வடிவம் தெரிகிறது. வளர்ந்த ஆண், நிதானமான பேச்சு, சண்டையில் லாகவம், கொல்லப்பட்டவர்களின் முகம் நமக்குப் பழக்கமில்லாதது: இவை கூடிவிட்டால் எத்தனை பிணங்களையும் நாம் மறந்துவிடுகிறோம். கத்துகிற, அழுகிற, மூக்கொழுகுகிற ஒரு சிறுமி அதே குற்றத்தைச் செய்தால் நமக்கு எரிச்சல் வருகிறது. இது நியாயத் தீர்ப்பாகாது, வெறும் ரசனை.

கேபிக்காக வாதாடுபவர்கள் வழக்கமாக 'அவள் குழந்தைதானே' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது சரியான வாதம்தான். 2007-இன் பாரிஸ் கோட்பாடுகள், ஆயுதப் படைகளோடு இருந்தபோது செய்த குற்றங்களுக்காகக் குற்றம்சாட்டப்படும் சிறார்களை முதன்மையாகப் பாதிக்கப்பட்டவர்களாகவே கருத வேண்டும் என்கின்றன. நிஜ உலகம் ஒப்புக்கொண்டதை ஒரு கற்பனைச் சிறுமிக்கு மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த வாதத்தோடு நின்றால் கேபியைச் சிறுமைப்படுத்துகிறோம். அவள் செய்தவற்றில் மிக மோசமானது சாஷாவின் கொலைகூட இல்லை. அது போர்க்களத்தில், துப்பாக்கி ஏந்திய ஒருத்தி மேல் நடந்தது. பாரடிஸில் சிறைப்பட்ட பிறகு, வலிப்பு வந்ததுபோல் நடித்து, பதறிப்போய்க் கதவைத் திறந்து வந்த காவலனைக் கல்லால் அடித்துக் கொல்கிறாளே, அதுதான் கொடூரம். அவன் விழுந்த பிறகும் அவள் கை நிற்கவில்லை. கருணையோடு வந்த ஒருவன், அந்தக் கருணைக்காகவே செத்தான். இதை நியாயப்படுத்த நான் முன்வரவில்லை. முன்வருகிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை.

அவளைக் காப்பாற்றுவது அதற்குப் பின் வருவது. தப்பி ஓடிய கேபிக்கும் ஃபால்கோவுக்கும் காயா என்ற பெண் அடைக்கலம் தருகிறாள். அந்த வீடு சாஷாவுடைய பெற்றோரின் வீடு. இரண்டாம் பருவத்தில், தாய் உயிரோடு தின்னப்படுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த சிறுமிதான் காயா. சாஷா அம்புகளோடு வந்து அவளை மீட்டாள். இப்போது 70-ஆவது பகுதியில் காயா அவர்களை அந்தப் பழைய கிராமத்துக்கே அழைத்துப் போகிறாள். அம்மாவுக்குக் கால் சரியில்லை, ஓட முடியவில்லை. ஊரார் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அம்மா செய்த குற்றம் என்ன என்று கேட்கிறாள். கேபி பள்ளியில் படித்த பதிலை ஒப்பிக்கிறாள்: உங்கள் மூதாதையர் செய்த பாவம். காயா விடவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த என் அம்மா என்ன செய்தாள்? கேபி மறுபடி ஒப்பிக்கிறாள். மறுபடி அதே கேள்வி. மூன்றாம் முறை கேபியிடம் சொல் இல்லை. ஃபால்கோதான் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறான்.

லிபேரியோவில் கேபி எழுப்பிய கேள்விக்கு இங்கே விடை கிடைத்துவிட்டது. தான் பார்த்திராத அந்தத் தாக்குதல் நடந்த இடத்தில் அவள் இப்போது நிற்கிறாள். சொல்லித் தந்த பாடம் ஒரு தனி மனுஷியின் சாவுக்கு முன்னால் செல்லுபடியாகவில்லை. கேபி மார்லியிலிருந்து வந்தவள் என்று தெரிந்துகொண்டே சோறு போட்டவள் காயா. அக்கா சாஷா இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பாள் என்கிறாள் அவள். அந்த அக்காவைக் கொன்றது யார் என்பது இருவருக்கும் அப்போது தெரியாது.

தெரியவரும் இடம் 72-ஆவது பகுதி. சாஷாவை நேசித்த சமையல்காரன் நிக்கோலோ கத்தியை எடுத்துவிடுகிறான். அந்தக் கத்தி சாஷாவின் தந்தை கைக்கு வருகிறது. வேட்டைக்காரரான அவர் அதைக் கீழே வைத்துவிடுகிறார். காட்டிலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவருவது பெரியவர்களின் கடமை, அந்தப் பாவங்களை நாம்தான் சுமக்க வேண்டும் என்று அவர் பேசுவது இந்தத் தொடரின் அறநெறி உச்சம். ஆனால் இசயாமா அதோடு முடிக்கவில்லை. அக்காவைத் திருப்பிக் கொடு என்று கத்தியபடி காயா ஒரு கத்தியோடு பாய்கிறாள். பெரியவர் மன்னித்துவிட்டார், சிறுமியால் முடியவில்லை. அவளும் கேபி வயதுதான். காயாவின் அந்தப் பாய்ச்சலும் கேபியின் வான்கப்பல் பாய்ச்சலும் ஒரே செயல். காயாவை யாரும் வெறுப்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

81-ஆவது பகுதியில் டைட்டன் ஒன்றின் முன் காயா மறுபடி செயலற்று உட்கார்ந்திருக்கிறாள். பெரிய துப்பாக்கியோடு வந்து காப்பாற்றுவது கேபி. பாராட்டுப் பெறுவதற்காக மனிதர்களைக் கொன்றேன், சாத்தான் எனக்குள்தான் இருந்தது என்று அவள் ஒப்புக்கொள்கிறாள். அவளைப் பிடிக்கப் படைவீரர்கள் வரும்போது, காயாவின் வீட்டார் அவளைத் தங்கள் பிள்ளை என்று சொல்லி மறைக்கிறார்கள். எரென் கடைசிவரை எட்டாத இடம் இது. அவனும் கடலுக்கு அப்பால் போனான், எதிரிகளோடு உண்டு உறங்கினான், அவர்களும் மனிதர்களே என்பதைப் பார்த்தான். பார்த்த பிறகும் அவர்களை மிதித்துக் கொல்லும் முடிவையே எடுத்தான். கேபி பார்த்தாள், நிறுத்திக்கொண்டாள். கதையில் இதைச் செய்த ஒரே ஆள் அவள் என்று சொல்ல மாட்டேன். மிகக் குறைந்த வயதில், யாருடைய மன்னிப்புக்கும் காத்திராமல் செய்தவள் அவள்தான்.

எழுத்தில் குறைகளும் உண்டு. கல்லால் அடிபட்டுச் செத்த காவலனுக்குக் கதை திரும்பவே இல்லை. அவனுக்கும் ஒரு தந்தை இருந்திருப்பார். காயாவோடு நேரும் சந்திப்பில் தற்செயல் சற்று அதிகம். கேபியின் பெற்றோர், தங்கள் மகளுக்கு 13 ஆண்டு ஆயுளைப் பரிசாகக் கேட்டவர்கள், எளிதாகத் தப்பித்துவிடுகிறார்கள். உண்மையில் ரசிகர்களின் கோபம் போய்ச்சேர வேண்டிய முகவரி அந்த வீடும் அந்தப் பள்ளியும் அந்த ராணுவமும்தான்.

கேபியை யாரும் நேசிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாஷாவுக்காக அழுதவர்கள் அந்தக் கண்ணீரைத் திரும்பப் பெற வேண்டியதும் இல்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். தொடரை மறுபடி பார்க்கும் எண்ணம் இருப்பவர்கள், சாஷா காயாவை மீட்கும் 27-ஆவது பகுதியையும், 67, 70, 72, 81 ஆகிய பகுதிகளையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஆகும். அதன் பிறகும் அந்தச் சிறுமியை வெறுக்கத் தோன்றினால் வெறுக்கலாம். அந்த வெறுப்பு அப்போதாவது முழுக் கதையையும் பார்த்த பிறகு வந்ததாக இருக்கும்.